எல்லோரும் ஏன் முணுமுணுக்கிறார்கள்?

கேள்வி – 7 ஜனவரி 2024

எனக்கு 66 வயது. காதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் மேஜைமேல் போன் அதிர்ந்தால்கூட எழுந்துவிடுவேன். ஆனால் ஓராண்டாக வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. மனைவி முணுமுணுக்கிறாள். மகன் பாதி வார்த்தையை மென்று விழுங்குகிறான். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கும் அதே வியாதி. சத்தத்தைக் கூட்டினால் “ஏன் இப்படி அலறவிடறீங்க” என்று சண்டை. மனிதர்களுக்குப் பேச்சே தேய்ந்துபோய்விட்டதா, இல்லை என் வீட்டில் மட்டும்தானா?

7 ஜனவரி, இரவு 9.40

உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எனக்கு 71, ஆகவே தம்பி என்று கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் 31 வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். காதை வைத்துத்தான் சம்பாதித்தேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் கரகரவென்று வரும் குரலில் நம்பரைப் பிடித்து இணைப்புக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே இன்று எதிரில் உட்கார்ந்து இவர் பேசுவது புரியவில்லை என்றால் குறை பேசுகிறவரிடம்தானே?

பேத்தி போன் பண்ணுவாள். பேசி வைத்ததும் இவரிடம் திரும்பி “என்ன சொன்னா?” என்று கேட்பேன். காது கேட்காமல் இல்லை, சரிபார்த்துக்கொள்ளத்தான்.

8 ஜனவரி, காலை

நேற்று எழுதியதை இவர் படித்துவிட்டார். “மாப்பிள்ளை கதையை எழுதலையா?” என்கிறார். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவரே எழுதுவார்.

போன மாதம் ஒரு ராத்திரி. நான் படுத்திருக்கிறேன். இவர் வாசற்படியில் நின்று கேட்கிறார்: “மாப்பிள்ளை போயாச்சா?”

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “அவர் எப்போங்க வந்தார்? என்கிட்ட சொல்லவே இல்லையே!”

இவர் கேட்டது “மாத்திரை போட்டாச்சா?”

அதே வாரம் “கதவைச் சாத்து” என்றார். எனக்குக் “கதையை மாத்து” என்று விழுந்தது. அன்றைக்கு நாங்கள் ஏதோ பழைய சண்டையைக் கிளறிக்கொண்டிருந்த நேரம். கதையை நான் ஏன் மாற்றவேண்டும் என்று இன்னொரு அரை மணி நேரம் சண்டை ஓடியது. கதவு திறந்தே கிடந்தது.

இதில் என் தப்பு மட்டும் இல்லை. ஒரு நாள் காலையில் “பெல்ட்டைப் பாத்தியா?” என்றார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். அவர் தேடியது பல்செட். பல்செட் இல்லாத வாயால் “பல்செட்” என்று சொன்னால் யாருக்குத்தான் புரியும்? இந்த வழக்கில் தீர்ப்பு எனக்குச் சாதகம்.

11 ஜனவரி

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது.

2020இல் எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அந்தச் சமயத்தில் எனக்கு உலகமே ஊமையாகிவிட்டது. பாங்க்கில், டாக்டரிடம், எங்கே போனாலும் “என்ன? என்ன?” என்றுதான் நின்றேன். துணி குரலை அமுக்குகிறது என்று நினைத்தேன். ஆனால் இவருக்கு அப்படி இல்லை. ஒரே துணி, ஒரே டாக்டர், இவருக்குப் புரிந்தது.

அப்படியானால் அதற்கு முன்னால் நான் காதால் கேட்டுக்கொண்டிருந்தேனா, வாயைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேனா?

இதற்குத் தம்பியும் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். மனைவியை முதுகுப்பக்கம் நின்று, சாதாரணக் குரலில், ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டு எல்லோருக்கும் புரிந்துவிடும்.

12 ஜனவரி

தம்பி செய்து பார்த்தாராம். “நீ ஒண்ணுமே பேசலையே” என்று அவர் சொன்னபோது மனைவி மூன்றாவது வாக்கியத்தில் இருந்தாராம்.

சிரிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த பரீட்சை எனக்கு. மகன் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஐந்து வாக்கியம் சொன்னான். இரண்டுதான் தேறியது. ஈ.என்.டி. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான்.

19 ஜனவரி

டாக்டர் காதுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இடது காது முழுக்கக் குறும்பி. பஞ்சுக் குச்சியால் தினமும் சுத்தம் செய்கிறவள் நான் என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் காரணமாம். அழுக்கு தானாகவே வெளியே நகர்ந்து வரும்படிதான் காது அமைந்திருக்கிறது. நாம் குச்சியை விட்டு உள்ளே தள்ளி, கெட்டித்து அடைத்துவிடுகிறோம். சொட்டு மருந்து போட்டு இளகவைத்து, உறிஞ்சி எடுத்தார்கள். மிளகு அளவு இருக்கும் என்று நினைத்தேன். வந்ததை வர்ணிக்கவேண்டாம்.

வெளியே வந்தால் படிக்கட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது! ஆக, என் காதில் குறையில்லை, வெறும் அழுக்கு. நான் சொன்னதுதான் சரி.

20 ஜனவரி

இவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2 பிப்ரவரி

ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தாகிவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். பழைய ஞாபகத்தில் கை தானாகவே மைக்கைத் தேடியது.

சத்தம் புகாத ஒரு சின்ன அறை. ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். முதலில் தடித்த ஓசை, கப்பல் சங்கு மாதிரி. டக் டக்கென்று அழுத்தினேன். போகப்போக ஓசை மெலிந்து கூர்மையானது. பிறகு ஒன்றுமே இல்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மும்முரமாகப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

அந்த ஒரு நிமிடம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் கேட்காமலே இரண்டு தடவை பொத்தானை அழுத்தினேன். பரீட்சையில் பார்த்து எழுதின மாதிரி.

பிறகு வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு 25 வார்த்தை சொன்னாள், திருப்பிச் சொல்லவேண்டும். 14 சரி. தப்பான பதினொன்றையும் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா!

தாளில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. கனத்த ஓசை இடது பக்கம், கீச்சு ஓசை வலது பக்கம். கோடு கீழே இறங்க இறங்கக் காது மந்தம். என் கோடு 250இல் 20 டெசிபெல் (சத்தத்தின் அளவு). அது சாதாரணம். 4000இல் 60. அதற்கப்புறம் சறுக்குமரம். வலது காதுக்கு நீலம், இடது காதுக்குச் சிவப்பு, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்குகின்றன. இரண்டு காதும் ஒரே மாதிரி இறங்கினால் பெரும்பாலும் வயசுதான் காரணமாம்.

20க்கும் 60க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம், நாற்பதுதானே என்றேன். பத்துப் பத்தாக ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுமாம். நாற்பது என்றால் பத்தாயிரம் மடங்கு. வாயை மூடிக்கொண்டேன்.

3 பிப்ரவரி

திருத்தம். நேற்று நிறத்தை மாற்றி எழுதிவிட்டேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கண்ணையும் பார்க்கச் சொல்லலாம் என்கிறார் இவர்.

3 பிப்ரவரி, மாலை

தம்பியின் கேள்வி நியாயமானது: “பக்கத்து அறை போன் அதிர்வதுகூடக் கேட்கிறதே, அப்புறம் எப்படிச் செவிடு?”

அதுதான் இதில் உள்ள மாயம். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழல். அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள். கீச்சு ஓசைக்கான அணுக்கள் குழலின் வாசலில் இருக்கின்றன, கனத்த ஓசைக்கானவை உள்ளே கடைசியில். வாசலில் இருப்பவைதான் முதலில் தேய்கின்றன. மேஜை அதிர்வது கனத்த ஓசை. அதற்கான ஆட்கள் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள்.

பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கனமாக, சத்தமாக வரும். க், ச், த், ப் எல்லாம் மெல்லிய கீற்று, பாதிக்குமேல் காற்றுதான். ஆக உயிரெழுத்து காதில் விழுகிறது, மெய்யெழுத்து விழவில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அதற்குப் பெயர்தான் நம் அகராதியில் முணுமுணுப்பு.

யோசித்தால் வேடிக்கை. மனிதனுக்கு உயிர் போய் மெய் மிஞ்சும். காதில் மட்டும் உயிர் மிஞ்சி மெய் முதலில் போகிறது. அதிலும் ம, ன போன்ற மெல்லினம் தங்குகிறது, வல்லினம் என்று பேர் வாங்கினவைதான் முதலில் காணாமல் போகின்றன. மாத்திரையின் த்த எனக்கு மாப்பிள்ளையின் ப்ப ஆனது இப்படித்தான். மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. மாப்பிள்ளை நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

ஒரு தடவை செத்த மயிரணு மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பறவைக்கு முளைக்கும், மீனுக்கும் முளைக்கும். காக்காய்க்கு இருக்கிற வசதி நமக்கு இல்லை.

4 பிப்ரவரி

எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்தார்கள்: டெலிபோன் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் சுமக்கும், மேலே உள்ளதை வெட்டிவிடும், அதனால் எந்த நம்பரையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லித் திருப்பிக் கேள். அன்றைக்கு அது வெறும் மனப்பாடம். இன்றைக்கு என் ஆடியோகிராமைப் பார்க்கிறேன், 3000க்குமேல் வெட்டிக் கிடக்கிறது. 31 வருடம் டெலிபோனைக் காதில் வைத்திருந்தேன். கடைசியில் காதே டெலிபோன் ஆகிவிட்டது.

டெசிபெல் என்பதில் உள்ள ‘பெல்’ 1876இல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்தான். அவர் அம்மாவுக்குக் காது மந்தம். மனைவிக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் காது சுத்தமாகப் போய்விட்டது. அவர் செய்த கருவி அவருடைய மனைவிக்கே பயன்படவில்லை. டெலிபோனில் “ஹலோ” என்று ஆரம்பிக்கச் சொன்னவர் எடிசன், அவருக்கும் காது மந்தம். காது மந்தமானவர்தான் அப்படிக் கத்தச் சொல்லியிருக்க முடியும்.

10 பிப்ரவரி

காதை விட்டு விலகுகிறேன் என்று நினைக்காதீர்கள், இதுவும் காதுதான்.

செவ்வாய் விடியற்காலை இவர் கட்டிலில் புரண்டு படுத்தார். “ஐயோ, பிடி பிடி!” என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அறை சுற்றுகிறது என்கிறார். அரை நிமிடத்தில் நின்றது. மறுபடி புரண்டார், மறுபடி சுற்றல். நாங்கள் எல்லோரும் பி.பி., மூளை, பக்கவாதம் என்று பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ அப்படித்தான் ஓடவும் வேண்டும். இவருக்கு அது எதுவும் இல்லை.

டாக்டர் இவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சடாரென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. இவர் கண் இரண்டும் தானாகவே துடிதுடிக்கின்றன. பார்க்கவே பயமாக இருந்தது. டாக்டர் முகத்தில் சந்தோஷம்! உள்காதில் சுண்ணாம்புச் சத்துள்ள நுண்துகள்கள் சில இடம்பெயர்ந்து, சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் குழாயில் போய் விழுந்துவிட்டனவாம். தலையை அசைத்தால் அவை உருள்கின்றன, மூளை உடம்பே சுற்றுவதாக நினைக்கிறது. தலையை ஒரு பக்கம், மறு பக்கம், பிறகு உடம்போடு குப்புற என்று வரிசையாகத் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். எப்லி என்கிற டாக்டர் கண்டுபிடித்த வித்தை. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

இந்தச் சமநிலைக் குழாய்களை ஆராய்ந்ததற்காக 1914இன் நோபல் பரிசு பாரனி என்பவருக்குக் கிடைத்தது. அறிவித்தபோது அவர் போர்க்கைதியாக ரஷ்யாவில் இருந்தார். தலைசுற்றலை ஆராய்ந்தவருக்கு வாழ்க்கையும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னது: “என் தலையில ஒண்ணுமே இல்லேன்னு நாற்பது வருஷமா சொன்னியே. கல்லு இருக்கு, பாத்தியா?”

17 பிப்ரவரி

அண்ணன் செத்துப் பிழைத்த கதை.

என் பெரிய அண்ணனுக்கு 81. வியாழக்கிழமை மதியம் அண்ணன் மகன் போன் பண்ணினான். அவன் எங்கேயோ சந்தடியில் நின்று பேசுகிறான். என் காதில் விழுந்தது: “அத்தை... அப்பா... செத்துட்டாங்க.”

அதற்குமேல் ஒன்றும் விழவில்லை, விழவேண்டிய அவசியமும் இல்லை. அழுதுகொண்டே தங்கைக்குச் சொன்னேன். தங்கை அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். இவர் பெட்டியைக் கட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் நாலு குடும்பம் கிளம்பத் தயார்.

மறுபடி போன். இவர் எடுத்தார், முகம் ஒரு மாதிரி ஆனது, ஸ்பீக்கரைப் போட்டார்.

“என்னடி, நான் செத்துட்டேனாமே? எனக்கே இப்பத்தான் தெரியும்.”

அவன் சொன்னது “அப்பாவை ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க.” குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் விரிசல். சேத்துக்கும் செத்துக்கும் ஒரு நெடில்தான் தூரம். நடுவில் இருந்த ஆஸ்பத்திரியை என் காது விழுங்கிவிட்டது.

அண்ணனுக்கு ஒரே குஷி. யார் யார் எப்படி அழுதார்கள் என்று ஒவ்வொருத்தராக விசாரித்திருக்கிறார். தங்கை சரியாக அழவில்லை என்று வருத்தம் வேறு.

அன்று மாலையே காது மெஷினுக்கு அளவு கொடுத்தேன்.

26 பிப்ரவரி

மெஷின் வந்து நாலு நாள். கொஞ்சம் பொறுமையாகத்தான் எழுதவேண்டும், ஏனென்றால் முதல் நாளே கழற்றிப் போட்டுவிட்டேன்.

பேப்பரைப் புரட்டினால் தகரக் கூரையில் மழை. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறது. குழாய்த் தண்ணீர் அலறுகிறது. பேத்தி கட்டிப்பிடித்தால் காதில் ‘கீ...’ என்று விசில். இத்தனை சத்தத்துக்கு நடுவில் இவர் பேச்சு மட்டும் அதே முணுமுணுப்பு. காசு கொடுத்து இரைச்சல் வாங்கினேனா?

பொருத்திய பெண் சொன்னாள்: பல வருடமாக மூளைக்கு இந்தச் சத்தமெல்லாம் வரவில்லை, எதைத் தள்ளவேண்டும் எதைக் கொள்ளவேண்டும் என்று அது மறந்துவிட்டது, தினமும் சில மணி நேரம் போட்டால் சில வாரத்தில் பழகும், மேஜை டிராயரில் வைத்தால் டிராயருக்குத்தான் பழகும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்னது சரி.

தம்பி, உங்கள் மனைவிக்கு ஒரு சிபாரிசு: கத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். நமக்கு மெதுவான பேச்சு கேட்காது, கொஞ்சம் கத்தினால் காது வலிக்கும். நடுவில் இருக்கிற இடைவெளி குறுகிவிடுகிறது. முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னால் போதும். புரியவில்லை என்றால் அதே வார்த்தையை மூன்று தடவை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. வேறு வார்த்தையில் சொல்லவேண்டும்.

29 பிப்ரவரி

என் மெஷினுக்கு 312 எண் பாட்டரி. பழுப்பு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் சின்னத் துளைகள் வழியே காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் பிறக்கிறது. உரித்து ஒரு நிமிடமாவது காற்றாட வைத்துவிட்டு மூடவேண்டும். உரித்துவிட்டால் மறுபடி ஒட்டிப் பயன் இல்லை, தீர ஆரம்பித்துவிடும். எனக்கு ஒரு வாரம் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நேற்று ராத்திரி காற்றாட வைத்த இடம் மாத்திரை டப்பாவின் மூடி. வட்டமாக, வழவழப்பாக, பொட்டு அளவில் இருக்கிறது. இவர் பி.பி. மாத்திரை என்று உள்ளங்கையில் எடுத்து, தண்ணீர் டம்ளரையும் தூக்கிவிட்டார். “இது என்ன, கனமா இருக்கு?” என்று கேட்டதால் பிழைத்தார். இப்போது பாட்டரி ஓர் அறை, மாத்திரை ஓர் அறை. யாராவது விழுங்கிவிட்டால் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிதான். சின்னக் குழந்தைகள் தொண்டையில் இந்த மாதிரிப் பொத்தான் பாட்டரி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

3 மார்ச்

ஒருத்தர் கேட்கிறார்: தூங்கி எழுந்தால் ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை, குறும்பியாக இருக்குமா என்று. ஐயா, என் கதையைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். திடீரென்று ஒரு காது போவது வேறு. அதற்கு மருந்து உண்டு, ஆனால் நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

5 மார்ச்

குறும்பி இல்லையாம். மருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். சரி.

9 மார்ச்

பேத்திக்கு ஒன்பது வயது. கிளிக்குரல். என் ஆடியோகிராமில் சறுக்குமரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவள் பேசுவாள். ரகசியம் சொல்கிறேன் என்று காதோடு வாயை வைப்பாள். வெதுவெதுவென்று மூச்சு மட்டும் வரும். கழுத்தில் கூசும். நான் “ம்ம்” என்று தலையாட்டுவேன். மெஷின் வருவதற்கு முன்னால் அப்படி எத்தனை ரகசியத்துக்குத் தலையாட்டினேனோ.

ஒன்றின் விளைவு இந்த வாரம் தெரிந்தது. அவள் வகுப்பு டீச்சர் மகளுக்குப் போன் செய்து, “வெள்ளிக்கிழமை பாட்டி கதை சொல்ல வர்றாங்களே, மேடையில நாற்காலி போடணுமா?” என்று கேட்டாராம்.

போனேன். வேறு என்ன செய்வது, வாக்குக் கொடுத்திருக்கிறேனே. நாற்பது குழந்தைகள். கதை நன்றாகத்தான் போயிற்று. பிறகு கேள்விகள். நாற்பது கிளிகள் ஒரே சமயத்தில். ஒரு பையன் எழுந்து என்னவோ கேட்டான். “ஆமாம், இரண்டு தடவை” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அவன் என்ன கேட்டான் என்று பேத்தி இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

10 மார்ச், விடிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று “தலையாட்டினேன்” என்று எழுதினேன் அல்லவா, அதிலிருந்து அப்பா நினைப்பு.

அப்பா 1991இல் போனார், 78 வயதில். இளமையில் பெரிய கோபக்காரர். கடைசி ஏழெட்டு வருடம் சாதுவாகிவிட்டார். எதைச் சொன்னாலும் “சரி, சரி” என்று சிரிப்பு. “அப்பா பழுத்துட்டார்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஒரு தடவை கால் வீங்கியிருந்தது, “வலிக்குதாப்பா?” என்று கேட்டேன். “சரி, சரி” என்றார். நான் அதற்குச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னவோ செய்கிறது.

போன் விஷயம் இன்னும் மோசம். 1984இல் அவர் வீட்டுக்கு இணைப்பு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பேசுவேன். அப்பா எடுத்தால் “நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். அம்மாகிட்ட குடுக்கறேன்.” அவ்வளவுதான். 11 விநாடி. நான் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் கால் ஆபரேட்டர், ஒரு அழைப்புக்கான மூன்று நிமிடத்தைக் கடிகாரம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவள், விநாடி எனக்குத் தப்பாது. ஊரில் இருக்கிற அத்தனை அப்பாவுக்கும் மகளுக்கும் இணைப்புக் கொடுக்கிறேன், என் அப்பாவுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று அந்த ஏழு வருடமும் மனத்தாங்கல். மகளாகப் பிறந்ததால் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போனில் உதடு தெரியாது. இது எனக்கு எழுபத்தோரு வயதில், காதில் மெஷின் மாட்டிக்கொண்டபிறகுதான் உறைக்கிறது. காதே தொழிலாக இருந்தவளுக்கு.

10 மார்ச், மதியம்

கேட்பது என்று நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். காதால் கேட்பதும் கேட்பதுதான், கேள்வி கேட்பதும் கேட்பதுதான். அப்பாவுக்கு முதலாவது போனதும் இரண்டாவதும் நின்றுவிட்டது. திருப்பிக் கேட்டால் நாங்கள் அலுத்துக்கொள்வோம். “ஒண்ணுமில்லப்பா, விடுங்க” என்போம். இந்த “விடுங்க” எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். என் மகன் சொல்கிறான்.

மகனைச் சொல்லிக் குற்றமில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020இல் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 12 காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருப்பதை எடுத்து என் முன்னால் நீட்டியவன் அவன்தான். காது போனவருக்கெல்லாம் புத்தி போகும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அப்பாவைக் கடைசியில் “ஞாபகம் தப்பிப் போச்சு” என்று நாங்கள் சொன்னோமே, அதில் ஞாபகம் எவ்வளவு, காது எவ்வளவு?

24 மார்ச்

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தோம். இடுப்பு கூடிவிட்டது, வாக்கர் வைத்து நடக்கிறார். செத்துப் பிழைத்தவர் என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்துகொள்கிறார்.

அவருக்கும் காது மந்தம். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நான் மெஷினைத் தடவித் தடவி, அவர் கையைக் காதுக்கு மடித்து வைத்துக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சண்டை என்று தோன்றியிருக்கும்.

11 விநாடிக் கதையைச் சொன்னேன். அண்ணன் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

“யாருடி சொன்னது அவர் பேசலேன்னு? ஞாயித்துக்கிழமைன்னா காலையிலேருந்து போன் பக்கத்துலதான் நாற்காலி. மணி அடிச்சா முதல்ல எடுக்கணும்னுதான் உட்கார்ந்திருப்பார். அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடுவார்னு நினைச்சியா? அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் அங்கேயேதான் நிப்பார், அம்மா வாயையே பாத்துக்கிட்டு. வெச்சதும் கேப்பார், ‘என்ன சொன்னா?’ அம்மா வேலையை விட்டுட்டு எதிர்ல உட்கார்ந்து ஒண்ணுவிடாம சொல்லணும். ஒரு வார்த்தையைச் சுருக்கினா கோவம் வரும். நீ இருமினியான்னுகூடக் கேப்பார். உனக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்ததோல்லியோ.”

25 மார்ச்

ஜனவரி 7 அன்று நான் எழுதியதை மறுபடி படித்தேன். “என்ன சொன்னா?” என்று இவரிடம் கேட்பது சரிபார்த்துக்கொள்ளத்தான் என்று எழுதியிருக்கிறேன்.

அழிக்கவில்லை, இருக்கட்டும்.

6 ஏப்ரல்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மகள் போன். மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன், எடுத்து மாட்டச் சோம்பல். “நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம்” என்று சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டேன். எத்தனை விநாடி என்று எண்ணவில்லை.

வைத்ததும் கேட்டேன். “என்ன சொன்னா?”

“நல்லா இருக்காளாம். சனிக்கிழமை வர்றாளாம்.”

இருபது நிமிடம் பேசியதற்கு நாலு வார்த்தை! விளக்கைப் போடச் சொன்னேன். எதிரில் உட்காரச் சொன்னேன். பல்செட்டை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். முனகிக்கொண்டே சொன்னார். பேத்திக்குப் பல் ஆடுகிறதாம். மாப்பிள்ளைக்கு ஜலதோஷம், வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வருகிறதாம்.

“இவளுக்கும் இருக்கா? இருமினாளா?” என்றேன்.

“கேக்கலை” என்றார்.

காதில் விழவில்லையா, இவர் விசாரிக்கவில்லையா என்று புரியாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மெஷினை மாட்டிக்கொண்டு நானே மகளைக் கூப்பிட்டேன். இருமவில்லை. என்னம்மா இவ்வளவு காலையில என்றாள், ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

தம்பி, உங்கள் ஆடியோகிராம் என்ன ஆயிற்று? மூன்று மாதமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறீர்கள்.